சுங்கை சிப்புட்டிலிருந்து தெத்-ஆ-லா-பலேன் போக

ஈப்போ, கே.எல். (கோலாலம்பூர்), கனடாவின் மொந்திரியல் வரை சுலபம். கடைசிப் பகுதியில்தான் கவனம் வேண்டும். கனடாவின் கியூபெக் மாநிலத்தில், கீழ்வடகரையில் உள்ள தெத்-ஆ-லா-பலேன் என்ற இந்தப் பிரெஞ்சு பேசும் மீனவர் ஊருக்கு வெளியூர்ச் சாலை கிடையாது. மேற்கிலிருந்து வரும் 138ஆம் நெடுஞ்சாலை கெகாஸ்கா என்ற ஊரோடு நின்றுவிடும். அதனால் ரிமூஸ்கி துறைமுகத்தில் பெல்லா தெகாஞே என்ற கப்பலில் ஏறுங்கள். வாரம் ஒருமுறைதான், அதனால் அறையை முன்னதாகவே பதியுங்கள். சரக்கும் அதில்தான் போகிறது. ஒவ்வொரு துறையிலும் நிற்கும்.

இறங்கியதும் புரோவிதான்ஸ் தீவுக்குப் படகு விசாரியுங்கள். முன்பெல்லாம் கோடையில் குடும்பம் குடும்பமாக அங்கே குடிபெயர்ந்து மீன் பிடித்தார்கள். வேலை இருக்கும் இடத்துக்கே வீடும் போகும் வாழ்க்கை, தோட்டத் தொழிலாளர் லயத்தில் வளர்ந்த எனக்கு நெருக்கமானது. அந்தத் தீவில் 1895இல் கட்டிய மரத் தேவாலயத்தை அவசியம் பாருங்கள். அப்புறம், யாரைக் கண்டாலும் முதலில் ‘போன்ஜூர்’ (பிரெஞ்சில் வணக்கம்) சொல்லுங்கள். ஜூலையானாலும் கம்பளிச் சட்டை வேண்டும்.