சிங்கப்பூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: குடும்பத்தோடும் நண்பர்களோடும் வெளியே சாப்பிடப் போகும்போது

சிங்கப்பூர் வந்து இறங்கிய முதல் சில மாதங்களில் நம்மில் பலருடைய வார இறுதி ஒரே மாதிரிதான் இருக்கும். லிட்டில் இந்தியா என்னும் தேக்காவுக்குப் போவோம், சைவ உணவகத்தில் தோசை சாப்பிடுவோம், முஸ்தபா கடையில் சாமான் வாங்கிக்கொண்டு வீடு திரும்புவோம். வந்த புதிதில் நாக்குக்கும் மனதுக்கும் அது தேவை, அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஒரு வருடம் ஆன பிறகும் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் உணவங்காடி நிலையத்துக்குள் கால் வைக்காத குடும்பங்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. "அங்கே நமக்கு என்ன கிடைக்கும்?" என்கிறார்கள். நிறையவே கிடைக்கும். எதைக் கேட்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்பது தெரிந்தால் போதும்.

முதலில் சில சொற்கள். இங்கே டாலரைத் தமிழில் வெள்ளி என்பார்கள். "அஞ்சு வெள்ளி அம்பது காசு" என்று கடைக்காரர் சொன்னால் ஐந்து டாலர் ஐம்பது சென்ட். ஹாக்கர் சென்டர் என்பதுதான் உணவங்காடி நிலையம். வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடி புளோக்குகளின் கீழே இருப்பவை காப்பிக் கடைகள், அவற்றைக் கோப்பிதியாம் என்றும் சொல்வார்கள். கடைத்தொகுதிக்குள் குளிர்சாதன வசதியோடு இருப்பது ஃபுட் கோர்ட், அங்கே விலை கொஞ்சம் கூடுதல். மூன்றிலும் ஏற்பாடு ஒன்றுதான். சுற்றிலும் தனித்தனிக் கடைகள், நடுவில் எல்லாருக்கும் பொதுவான மேசைகள்.

ஒரு காலத்தில் இவையெல்லாம் தெருவோரக் கடைகள். 1960களின் இறுதியில் அரசாங்கம் அந்த வியாபாரிகளைப் பதிவு செய்தது. 1971 முதல் 1986 வரை அவர்களைத் தண்ணீர், கழிவுநீர் வசதியுள்ள கட்டடங்களுக்கு மாற்றியது. இன்று தீவு முழுக்க 110-க்கும் மேற்பட்ட நிலையங்கள் இருக்கின்றன. 2020 டிசம்பரில் யுனெஸ்கோ இந்த உணவங்காடிக் கலாசாரத்தை மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது. நம் மாதிரி புதிதாக வருபவர்களுக்கு இதில் பெரிய வசதி ஒன்று இருக்கிறது. சைவம் சாப்பிடும் அம்மா, ஹலால் மட்டும் சாப்பிடும் மலாய் நண்பர், மாட்டிறைச்சி தொடாத சீன நண்பர், காரம் சாப்பிடாத குழந்தை என்று எல்லாரும் ஒரே மேசையில் உட்காரலாம். அவரவருக்கு ஒத்துக்கொள்ளும் கடையில் அவரவர் வாங்கிக்கொள்வார்கள், யாரும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

சரி, உள்ளே போனதும் என்ன செய்வது? முதலில் மேசை பிடிக்க வேண்டும். காலி மேசையில் ஒரு சின்ன டிஷ்யூ பொட்டலமோ குடையோ அலுவலக அட்டையோ கிடந்தால் அந்த இடத்தை யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இதற்கு இங்கே "சோப்" என்று பெயர். டிஷ்யூதானே என்று தள்ளிவைத்துவிட்டு உட்காராதீர்கள். குடும்பமாகப் போனால் பெரியவர் ஒருவரும் பிள்ளைகளும் உட்கார்ந்துகொள்ள, மற்றவர்கள் போய் வாங்கி வருவது நல்லது. கூட்ட நேரத்தில் முன்பின் தெரியாதவர்களோடு மேசையைப் பகிர்ந்துகொள்வது சாதாரணம், "இங்கே யாராவது இருக்கிறார்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்காரலாம். மேக்ஸ்வெல், அமோய் ஸ்திரீட், லாவ் பா சாட் மாதிரி அலுவலகப் பகுதி நிலையங்களுக்கு வேலை நாளில் பகல் 12 மணியிலிருந்து ஒன்றரை வரை குழந்தைகளோடு போகாமல் இருப்பது நல்லது.

கடையில் பணத்தை முதலிலேயே கொடுத்துவிட வேண்டும். சில கடைகளில் மேசை எண்ணைச் சொன்னால் கொண்டுவந்து தருவார்கள், பெரும்பாலும் நாமே எடுத்து வர வேண்டியதுதான். பானங்களுக்குத் தனிக் கடை. குடிக்கத் தண்ணீர் இலவசமாக வைக்கமாட்டார்கள், வீட்டிலிருந்து ஒரு பாட்டில் கொண்டுபோய்விடுங்கள். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம் என்பதால் அதையே நிரப்பிக்கொள்ளலாம். வங்கிக் கணக்கு திறந்ததும், கைப்பேசி வழியே பணம் அனுப்பும் பேநவ் வசதியைச் செய்துவைத்துவிட்டால் கியூஆர் குறியீட்டை வைத்துப் பெரும்பாலான கடைகளில் பணம் கட்டலாம். அதுவரை இரண்டு, ஐந்து, பத்து வெள்ளித் தாள்களைக் கையில் வைத்திருங்கள். பல கடைகளில் சிடிசி பற்றுச்சீட்டு என்று ஒட்டியிருப்பார்கள். அது அரசாங்கம் சிங்கப்பூர்க் குடிமக்களின் குடும்பங்களுக்குத் தருவது, நமக்கு இல்லை.

கடைக்காரர்களை அங்கிள், ஆன்ட்டி என்று கூப்பிடுவதுதான் இங்கே வழக்கம். தமிழ் முஸ்லிம் கடைகளில் அண்ணே, அக்கா என்றாலே போதும்.

சாப்பிட்டு முடித்ததும் தட்டையும் டிரேயையும், உபயோகித்த டிஷ்யூ உள்பட, நாமே எடுத்துப்போய் அதற்கான இடத்தில் வைக்க வேண்டும். இது சட்டம். உணவங்காடி நிலையங்களில் 2021 செப்டம்பர் 1 முதலும், காப்பிக் கடைகளிலும் ஃபுட் கோர்ட்டுகளிலும் 2022 ஜனவரி 1 முதலும் நடைமுறையில் இருக்கிறது. முதல் தடவை எழுத்துமூல எச்சரிக்கை, அடுத்த தடவை 300 வெள்ளி அபராதம். ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவிடம் இதை முன்னாலேயே சொல்லிவையுங்கள், எழுந்து கை கழுவப் போவதுதான் அவர்களுக்குப் பழக்கம். இன்னொன்று, டிரே வைக்கும் இடத்தில் ஹலால் தட்டுகளுக்கும் மற்றத் தட்டுகளுக்கும் தனித்தனி அடுக்குகள் இருக்கும். அபராதத்தைவிட இதில்தான் எனக்கு அக்கறை அதிகம். அந்தப் பாத்திரத்தை நம்பித்தான் ஒரு முஸ்லிம் குடும்பம் அடுத்த வேளை சாப்பிடப்போகிறது. அவசரத்தில் மாற்றி வைத்துவிடாதீர்கள்.

இப்போது சைவம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பலரும் ஏமாறும் இடம் இது. நான் வந்த புதிதில், சைவம் மட்டுமே சாப்பிடும் என் மாமியாருக்குக் காய்கறி மட்டும் போட்ட சோறு என்று கேட்டு வாங்கிக் கொடுத்தேன். இரண்டு வாய் சாப்பிட்ட பிறகுதான் கீரைக்குள் உலர்ந்த இறால் இருப்பது தெரிந்தது. கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. இறைச்சி வேண்டாம் என்றுதான் கேட்டிருந்தேன், அவர் இறைச்சி போடவில்லை. அன்று மாமியாரின் முகம் வாடிப்போனது இன்றும் எனக்கு நினைவிருக்கிறது.

கண்ணுக்குத் தெரியாமல் அசைவம் சேரும் இடங்களைத் தெரிந்துவைத்துக்கொண்டால் இப்படி ஆகாது. கோழிச் சோற்றில் கோழியை வேண்டாம் என்று சொல்லிப் பயனில்லை, அந்தச் சோறே கோழிக் கொழுப்பிலும் சாற்றிலும் வெந்தது. சம்பலில் பெலாச்சான் என்ற இறால் விழுது இருக்கும். தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கில் நெத்திலி. லக்சா என்ற நூடுல்ஸின் குழம்பில் உலர்ந்த இறால். பழமும் வெள்ளரியும் போட்ட ரோஜாக் பார்க்கச் சைவம் மாதிரி இருக்கும், அதன் கறுப்புச் சாறும் இறால் விழுதுதான். சீனக் கடைகளில் வதக்கும் கீரையில் சிப்பிச் சாறு சேர்ப்பார்கள், சில இடங்களில் பன்றிக் கொழுப்பும் உண்டு. காயா ரொட்டியில் தடவும் காயா, முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் கிண்டியது.

அதனால் கேட்கும்போது "நோ மீட், நோ ஃபிஷ், நோ பிரான், நோ எக்" என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். மாண்டரின் மட்டும் பேசும் ஆன்ட்டியிடம் "வோ ச்சி சு" என்றால் நான் சைவம் சாப்பிடுகிறவர் என்று புரிந்துகொள்வார். இன்னும் நல்ல வழி, வெஜிடேரியன் என்று பலகை போட்ட சீனக் கடையைத் தேடுவது. பல உணவங்காடி நிலையங்களிலும் காப்பிக் கடைகளிலும் அப்படி ஒரு கடை இருக்கும். பௌத்த வழக்கப்படி சமைப்பதால் பல கடைகளில் வெங்காயம், பூண்டுகூடச் சேர்ப்பதில்லை, விரதக்காரர்களுக்கு அது நம் உணவகங்களைவிடவும் வசதி. அங்கே கோழி, மீன், பன்றி இறைச்சி மாதிரியே சிவப்பாக வெட்டி வைத்திருப்பதைப் பார்த்து அம்மா பதறினால், அது சோயாவும் கோதுமைப் புரதமும் என்று சொல்லுங்கள். முட்டை சேர்க்கிறார்களா என்று மட்டும் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

பரோட்டாக் கடையிலும் கவனம் தேவை. வெறும் பரோட்டாவுக்குக் கோசோங், முட்டை போட்டதற்குத் தெலூர் என்று பெயர். கூடவே மீன் கறியோ ஆட்டுக் கறியோ ஊற்றித் தருவது வழக்கம். "அண்ணே, பருப்புக் கறி மட்டும் ஊத்துங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சில கடைகள் இரவெல்லாம் திறந்திருக்கும், நண்பர்களோடு நேரம் போவது தெரியாமல் பேசிக்கொண்டிருக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

முஸ்லிம் வாசகர்களுக்கு: முயிஸ் எனப்படும் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம் தரும் ஹலால் சான்றிதழ் கடை முகப்பில் ஒட்டியிருக்கும். சான்றிதழ் எடுக்காமல் முஸ்லிம்களே நடத்தும் கடைகளும் உண்டு, அவற்றில் அதை எழுதி வைத்திருப்பார்கள்.

காப்பி, தேநீருக்கு இங்கே தனி மொழியே இருக்கிறது. மலாய், ஹொக்கியன், காண்டனீஸ் எல்லாம் கலந்தது. வெறுமனே கோப்பி என்றால் கெட்டியான இனிப்புப் பால் ஊற்றித் தருவார்கள். கோப்பி ஓ பால் இல்லாமல் சர்க்கரை மட்டும். கோப்பி சி என்றால் இனிப்பில்லாத கெட்டிப் பாலும் சர்க்கரையும். கோசோங் என்று சேர்த்தால் சர்க்கரை கிடையாது, சியூ தாய் என்றால் இனிப்புக் குறைவு, பெங் என்றால் ஐஸ். தேநீருக்கும் இதே முறை, கோப்பிக்குப் பதில் தே. ஆக, சர்க்கரை நோய் உள்ள அப்பாவுக்கு "தே சி கோசோங்" என்று கேளுங்கள். இஞ்சித் தேநீர் பிடித்தவர்களுக்குத் தே ஹாலியா. வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டுமென்றால் "தபாவ்" என்றால் போதும். ஆனால் வாங்கிய பானத்தை எம்ஆர்டி ரயிலில் திறந்து குடிக்காதீர்கள், தண்ணீருக்கும் இந்த விதி உண்டு. 500 வெள்ளி வரை அபராதம்.

உட்கார்ந்து சாப்பிடும் உணவகங்களில் விலைக்குப் பக்கத்தில் ++ என்று போட்டிருந்தால் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும், அதற்கு மேல் 9 விழுக்காடு ஜிஎஸ்டியும் சேரும். 100 வெள்ளிக்குச் சாப்பிட்டால் பில் 119 வெள்ளி 90 காசு. நண்பர்களை அழைத்துப் போகும்போது இதையும் மனதில் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். டிப்ஸ் வைக்க வேண்டியதில்லை. சில சீன உணவகங்களில் கேட்காமலே வேர்க்கடலையும் ஈரத் துண்டும் வைத்துவிட்டு அதற்கும் காசு போடுவார்கள், வேண்டாமென்றால் அப்போதே திருப்பிக் கொடுத்துவிடலாம். நண்பர்களோடு போனால் ஒருவர் பில்லைக் கட்டுவார், மற்றவர்கள் தங்கள் பங்கைப் பேநவ் வழியாக அப்போதே அனுப்பிவிடுவார்கள். ஊரில் இதைக் கஞ்சத்தனம் என்று நினைப்போம், இங்கே இதுதான் மரியாதை. பணம் அனுப்ப மறந்துவிடாதீர்கள்.

ஊரிலிருந்து பெற்றோர் வந்திருந்தால் உணவங்காடி நிலையத்துக்கு மாலையில் அழைத்துப் போங்கள், பெரும்பாலானவற்றில் மின்விசிறி மட்டும்தான். ஈஸ்ட் கோஸ்ட் லகூன் நிலையம் கடற்கரையை ஒட்டியது, காற்று நன்றாக வரும். லாவ் பா சாட்டுக்குப் பக்கத்துத் தெருவில் மாலை ஏழு மணிக்கு மேல் சாத்தே என்ற குச்சி இறைச்சி சுடும் புகையும் மணமும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். கிளம்பும் முன் அந்த நிலையம் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். சுத்தம் செய்வதற்காக மூன்று மாதத்துக்கு ஒரு முறை மூடுவார்கள், தேசியச் சுற்றுப்புற வாரியம் தேதிகளை முன்பே வெளியிடும். திங்கட்கிழமைகளில் விடுமுறை விடும் கடைகளும் நிறைய.

இவ்வளவும் பழகிய பிறகு, தேக்காவுக்கே திரும்பி வாருங்கள், இந்தத் தடவை அலுவலக நண்பர்களையும் பக்கத்து வீட்டாரையும் கூட்டிக்கொண்டு. ஞாயிறு மாலை வேண்டாம், விடுமுறையில் வரும் ஊழியர் கூட்டத்தில் நடக்கவே இடம் இருக்காது. ரேஸ் கோர்ஸ் சாலையில் வாழை இலை போடும் உணவகம் ஒன்றில் உட்கார்ந்து மீன்தலைக் கறி சொல்லுங்கள். அது நம் ஊரிலிருந்து வந்தது இல்லை, இங்கே கடை வைத்திருந்த மலையாளி ஒருவர் சீன வாடிக்கையாளர்களுக்காக உருவாக்கியது என்பார்கள். உங்கள் நண்பர்களுக்கு அது உங்களைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். இலையை எப்படி மடிப்பது என்பதையும், ரசத்தை எப்போது ஊற்றிக்கொள்வது என்பதையும் நீங்கள் சொல்லிக்கொடுங்கள். ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் மட்டும், யார் எதைச் சாப்பிடமாட்டார்கள் என்று மேசையைச் சுற்றி ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.