பழைய ஏஎஸ்/400-ஐத் தூக்கி எறியாமல் புது ஆப்களோடு இணைப்பது எப்படி

உங்கள் அலுவலகத்தில் பச்சை எழுத்துத் திரையோடு ஏஎஸ்/400 என்ற ஐபிஎம் நிறுவனத்தின் பழைய வணிகக் கணினி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா? ஆர்டர், சரக்கிருப்பு, பில், வசூல் எல்லாம் அதற்குள்தான் கிடக்கும். மேலிடத்திலோ மொபைல் ஆப் வேண்டும், விற்பனையாளர் கடை வாசலில் நின்றபடியே இருப்பைப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறார்கள், போதாக்குறைக்கு யாரோ ஓர் ஆலோசகர் வந்து மொத்தத்தையும் ஒரே மூச்சில் மாற்றிவிடலாம் என்று படம் போட்டுக் காட்டிவிட்டுப் போயிருப்பார். கொஞ்சம் பொறுங்கள். இந்த இணைப்பு வேலையிலேயே பல வருடம் கிடந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் பெட்டியின் உள்ளே இப்போதைக்குக் கை வைக்க வேண்டாம், அதைச் சுற்றி வேலையைத் தொடங்குங்கள்.

ஏஎஸ்/400 வந்தது 1988-ல். பெயர் பலமுறை மாறி இப்போது ஐபிஎம் ஐ என்கிறார்கள், ஆனால் அன்று ஆர்பிஜி என்ற மொழியில் எழுதிய புரோகிராம் இன்றைய ஐபிஎம் பவர் சர்வரிலும் ஓடும். அதைவிட முக்கியம், உங்கள் நிறுவனம் இத்தனை வருடம் வியாபாரம் செய்து கற்றுக்கொண்ட விதிகள் அந்தப் புரோகிராம்களில்தான் இருக்கின்றன, வேறு எங்கும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டனின் டிஎஸ்பி வங்கியைப் பாருங்கள். 2018 ஏப்ரலில் ஒரு வாரக்கடைசியில் மொத்தக் கணக்குகளையும் புதுத் தளத்துக்கு ஏற்றினார்கள், திங்கட்கிழமை சுமார் 19 லட்சம் வாடிக்கையாளர்களால் தங்கள் கணக்குக்குள்ளேயே நுழைய முடியவில்லை. 2022 டிசம்பரில் கட்டுப்பாட்டு அமைப்புகள் விதித்த அபராதம் மட்டும் 4.865 கோடி பவுண்டு.

பனைமரத்தின் மட்டை இடுக்கில் பறவை போட்ட விதை முளைத்து, ஆலமரமாக வளர்ந்து, பனையை மெல்லச் சுற்றிக்கொள்ளும் காட்சியை நாம் ஊர்ப்பக்கம் பார்த்திருப்போம். மென்பொருள் நூலாசிரியர் மார்ட்டின் ஃபௌலர், இதே போன்ற 'ஸ்ட்ராங்லர்' அத்திமரங்களை ஆஸ்திரேலியக் காட்டில் பார்த்ததை வைத்துத்தான் 2004-ல் இந்த முறைக்கு அந்தப் பெயரை வைத்தார். பழையது நிற்கும்போதே புதியது அதைச் சுற்றி வளரும், வேலை ஒவ்வொன்றாகக் கை மாறும். நாம் செய்யப்போவதும் அதுதான்.

முதல் வேலை கணக்கெடுப்பு. எந்தப் புரோகிராம் எந்தக் கோப்பைத் தொடுகிறது என்று பட்டியல் போட அந்தச் சிஸ்டத்திலேயே கட்டளை இருக்கிறது, அதை ஓட்டி ஒரு டேபிளில் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் பட்டியலோடு நிற்காதீர்கள், பில் போடுபவர் பக்கத்தில் நாற்காலி போட்டு இரண்டு நாள் உட்காருங்கள். "இந்தக் கட்டத்தில் 9 அடித்தால் வட்டி போடாது சார்" என்று அவர் போகிற போக்கில் சொல்லும் ஒரு வரி எந்த ஆவணத்திலும் இருக்காது. ஓய்வுபெறும் வயதில் இருக்கும் ஆர்பிஜி புரோகிராமர் ஒருவர் உங்களிடம் இருந்தால் அவரை இந்தத் திட்டத்தின் நடுவில் வையுங்கள், கடைசி மாதத்தில் அவசர அவசரமாகக் குறிப்பெடுக்க நினைத்தால் பாதிதான் கிடைக்கும்.

அடுத்து, படிப்பதை மட்டும் முதலில் வெளியே கொண்டுவாருங்கள். ஆப்பில் இருப்பு பார்ப்பது, பாக்கித் தொகை பார்ப்பது எல்லாமே வெறும் படிப்புதான். இதற்கு ஏஎஸ்/400-ல் ஜர்னல் என்ற வசதி இருக்கிறது, டேபிளில் நடக்கும் ஒவ்வொரு மாற்றமும் அதில் பதிவாகும். அதைப் படித்து, செய்திகளைக் கடத்தும் காஃப்கா என்ற மென்பொருள் வழியாகவோ நேரடியாகவோ, போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தில் வைக்கும் ஒரு நகலுக்கு அனுப்பிவிட்டால் ஆப் அந்த நகலைத்தான் கேட்கும், பழைய பெட்டிக்குச் சுமை ஏறாது. பல இடங்களில் ஜர்னலை இயக்கியே இருக்க மாட்டார்கள், அதை முதலில் பாருங்கள். இயக்கிய பிறகு டிஸ்க் இடம் வேகமாக நிரம்பும், இடம் பிடிக்கிறதே என்று நகல் இன்னும் படித்து முடிக்காத ஜர்னல் பகுதியை யாராவது அழித்துவிட்டால் நகல் அங்கேயே நின்றுவிடும்.

இனி எழுத்து, எண், தேதி. நேரம் அதிகம் விழுங்குவது இந்த இடம்தான், அவசரப்படாதீர்கள்.

ஏஎஸ்/400 எழுத்துகளை எப்சிடிக் என்ற குறியீட்டு முறையில் வைத்திருக்கிறது, நம் மற்றக் கணினிகள் ஆஸ்கி, யூனிகோடு வழி. பாமினியில் அடித்த கடிதத்தை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் 'அம்மா' கூடப் பொருளில்லாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியுமே, அதே கதை. அந்தப் பெட்டியின் தரவுத்தளமான டிபி2-வை, ஒடிபிசி என்ற தரவுத்தள இணைப்பு வழியாகப் படித்தால் பெரும்பாலும் மாற்றம் தானாக நடந்துவிடும். இரவில் எஃப்டிபி என்ற கோப்பு அனுப்பும் முறையில் போகும் ஃபிளாட் ஃபைலில், அதாவது பதிவுகளை வெறுமனே வரிசையாக அடுக்கிய கோப்பில்தான் சிக்கல் வரும். அதில் தொகைகள் பெரும்பாலும் பேக்டு டெசிமலாக இருக்கும், அதாவது ஒரு பைட்டுக்கு இரண்டு இலக்கம், கடைசி அரை பைட்டில் கூட்டல் கழித்தல் குறி. 12345 என்ற எண் மூன்றே பைட்டில் அடங்கிவிடும். எஃப்டிபியை எழுத்து முறையில் ஓட்டினால் அது இந்தப் பைட்டுகளையும் எழுத்து என்று நினைத்து மாற்றிவிடும், தொகை திரும்ப மீட்க முடியாதபடி கெட்டுப்போகும். பைனரி முறையில் எடுத்து இந்தப் பக்கம் வந்து பிரியுங்கள். தசமப் புள்ளியும் கோப்பில் இருக்காது, அது 123.45-ஆ 12345-ஆ என்பது கோப்பின் வரையறையைப் பார்த்தால்தான் தெரியும்.

வரிசைமுறையும் வேறு. எப்சிடிக்கில் எழுத்து முன்னால் வரும், எண் பின்னால் வரும், ஆஸ்கியில் நேர்மாறு. பொருள் குறியீட்டில் இரண்டும் கலந்திருந்தால், இரண்டு பக்கமும் வரிசைப்படுத்தி ஒப்பிடும் புரோகிராம் பாதிப் பொருளைக் காணவில்லை என்று சொல்லும். தேதியை ஏழு இலக்கமாக வைத்திருப்பார்கள், 1240315 என்றால் 2024 மார்ச் 15, முதல் இலக்கம் நூற்றாண்டு. பூஜ்யம் என்றோ 9999999 என்றோ இருந்தால் தேதியே இல்லை அல்லது முடிவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சரி, படிப்பு முடிந்தது, இப்போது எழுத வேண்டும். ஆப்பிலிருந்து வரும் ஆர்டரை நேராக டேபிளில் செருகாதீர்கள், தயவுசெய்து. கடன் வரம்பு, சலுகை, வரி எல்லாவற்றையும் சரிபார்ப்பது அந்த ஆர்பிஜி புரோகிராம்தான், அதைத் தாண்டிப் போனால் ஒரு நாள் கணக்கு இடிக்கும். அந்தப் புரோகிராமை ஒரு ஸ்டோர்டு புரொசீஜராக, அதாவது தரவுத்தளம் வழியாகவே அழைக்கக்கூடியதாகச் சுற்றி, அதற்கு மேல் ஆப் பேசுவதற்கான வாசலாக ஒரு சின்ன ஏபிஐ வையுங்கள், அது ஜேசான் என்ற எளிய உரை வடிவத்தில் வாங்கி அதே வடிவத்தில் பதில் சொல்லட்டும். திரையும் கணக்கும் ஒரே புரோகிராமில் பின்னிக் கிடந்தால் முதலில் கணக்குப் பகுதியை மட்டும் தனியாகப் பிரித்தெடுங்கள். திரையை இயக்கி எழுத்தைப் பொறுக்கும் முறையும் இருக்கிறது, வேறு வழியே இல்லாத இடத்துக்கு மட்டும் அது.

இங்கே இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். பச்சைத் திரையில் ஒருவர் ஒரு வாடிக்கையாளர் பதிவைத் திருத்தத் திறந்துவிட்டு அப்படியே சாப்பிடப் போனால் அது பூட்டிக்கொள்ளும். பழைய பக்கம் வழக்கமாக 60 விநாடி காத்திருக்கும், ஆப் அதற்கு முன்பே பொறுமையிழந்து அறுத்துக்கொள்ளும், விற்பனையாளர் மறுபடி அழுத்துவார், ஒரே ஆர்டர் இரண்டு முறை விழும். அதனால் ஆர்டரை ஒரு வரிசையில் வாங்கி வைத்துப் பின்னால் பதியுங்கள், போனிலேயே ஒவ்வொரு ஆர்டருக்கும் தனி எண் கொடுத்து, அந்த எண் ஏற்கெனவே வந்திருந்தால் பழைய பதிலையே திருப்பி அனுப்புங்கள். இரவில் வேலைகளை மொத்தமாக முடிக்கும் பேட்ச் ஓடும் நேரத்தில் கோப்புகள் பூட்டிக் கிடக்கும்போதும் இந்த வரிசைதான் காப்பாற்றும்.

அப்புறம் ஒவ்வொரு பகுதியாகப் புதுப் பக்கம் நகர்த்தும்போது, குறைந்தது ஒரு மாத முடிவையும் ஒரு காலாண்டு முடிவையும் இரண்டு பக்கமும் ஓட்டி, தினமும் பைசா வரை ஒப்பிடுங்கள். ஒரு மொத்த வியாபார நிறுவனத்தில் சலுகைக் கணக்கைப் புதிதாக எழுதினோம், ஒவ்வொரு நாளும் சில ரூபாய் இடித்தது. ஒரு வாரம் தேடிய பிறகு 18.75 ரூபாய்ப் பொருளுக்கு 2.5 சதவீதச் சலுகை என்ற ஒரே வரியில் அகப்பட்டது. விடை 0.46875. ஆர்பிஜியில் தனியாகச் சொன்னால் ஒழிய முழுமைப்படுத்தாது, வெட்டிவிடும், ஆகவே 46 பைசா. எங்கள் புதுப் புரோகிராம் முழுமைப்படுத்தி 47 பைசா கொடுத்தது. வாடிக்கையாளர்கள் பல வருடமாகப் பார்த்த பில் 46 பைசா என்பதால் நாங்களும் வெட்டுவதற்கே மாறினோம். பணத்துக்கு, எண்ணைத் தோராயமாக வைக்கும் ஃபுளோட் வகையை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தாதீர்கள், டெசிமல்தான்.

ஒரு பகுதி நகர்ந்து நிலைத்ததும் பழைய திரையை உடனே அழிக்காமல், பார்க்க மட்டும் என்று மாற்றி ஒரு நிதியாண்டு விட்டுவையுங்கள், தணிக்கைக்காரர் வந்து கேட்பார். டேப்பில் இருக்கும் பழைய வருடங்களை, அதைப் படிக்கும் கருவி வேலை செய்யும்போதே எடுத்து, பேக்டு எண்களைப் பிரித்துச் சாதாரண டேபிளாக வைத்துவிடுங்கள். எடுத்ததில் ஏதாவது ஒரு பழைய மாதத்தின் மொத்த விற்பனையைக் கூட்டி, அந்த மாதத்து அச்சு அறிக்கையோடு சரிபார்த்த பிறகு டேப்பை அலமாரியில் வையுங்கள்.