கெப்பை உயர்த்தும் முன்: வீட்டு முற்றத்தில் நடக்கும் தவறுகள்

போன மாதம் கொட்டகலையில் எங்கள் பக்கத்து வீட்டுத் தம்பி தன் பழைய ஹைலக்ஸ் டபுள் கெப்பை (பிக்கப் வண்டியை) இரண்டு அங்குலம் உயர்த்தி முடித்துவிட்டு, "அண்ணே, ஒருக்கா வந்து பாருங்க" என்று கூப்பிட்டான். 33 அங்குல டயர், கூரையில் லைட், பொனட் ஓரத்தில் எஞ்சினுக்கு உயரத்திலிருந்து காற்றெடுக்கும் குழாயான கறுப்பு ஸ்நோர்க்கல். மூன்று மாதச் சம்பளத்தைக் கொட்டியிருக்கிறான். பார்க்க அழகாகவும் இருந்தது. நான் டோர்ச்சை வாங்கிக்கொண்டு நேராகப் பின் எக்ஸலுக்கு (சக்கர அச்சுக்கு) அடியில் போய்ப் படுத்தேன்.

பயந்தது அங்கே இருந்தது. சுண்டுவிரல் மொத்தத்தில் ஒரு நீளக் கம்பி, எக்ஸலிலிருந்து கழற்றப்பட்டு, கட்டுக்கம்பியால் சேஸியோடு (வண்டியின் அடிச்சட்டத்தோடு) சுற்றிக் கட்டியிருந்தது.

"அதுவா? உயர்த்தினதுக்குப் பிறகு இழுத்துக்கிட்டு நின்னுச்சு அண்ணே. அதான் கட்டிவிட்டேன்."

அந்தக் கம்பிக்காகத்தான் இதை எழுதுகிறேன். நட்டை இறுக்குங்கள், ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள் என்பதையெல்லாம் எழுதப்போவதில்லை. அது தெரியாதவர் ஸ்பேனரைத் தொடவே கூடாது.

பின் பிரேக் வால்வை மறப்பது

பழைய ஹைலக்ஸ் போன்ற கெப்களில் பின் எக்ஸலுக்கு மேலே, சேஸியில், பிரேக் குழாய்கள் வந்து சேரும் ஒரு வால்வு இருக்கும். கராஜ்களில் எல்.எஸ்.பி.வி. என்பார்கள். ஏற்றியிருக்கும் பாரத்தைப் பார்த்துப் பின் பிரேக்குக்கு அழுத்தத்தைப் பங்கிட்டுக் கொடுப்பது அதன் வேலை. பாரத்தை அது எப்படி அறியும்? அந்தக் கம்பியால்தான். கம்பியின் ஒரு முனை வால்வில், மறுமுனை எக்ஸலில். பாரம் ஏறினால் ஸ்பிரிங் அமுங்கி, சேஸி எக்ஸலை நோக்கி இறங்கும், கம்பி நகரும், வால்வு பின் சக்கரங்களுக்குக் கூடுதல் அழுத்தத்தை விடும். பின்பக்கம் வெறுமையாக இருந்தால் சேஸி எழும்பி நிற்கும். வால்வு அழுத்தத்தைக் குறைக்கும். அப்படிக் குறைக்காவிட்டால் வெறும் வண்டியின் பின் சக்கரம் ஈர ரோட்டில் பூட்டிக்கொண்டு, வால் சுழன்றுவிடும்.

இப்போது நீங்கள் ஸ்பிரிங்கில் பட்டை சேர்த்து வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்துகிறீர்கள். சேஸி எக்ஸலைவிட்டு விலகிவிட்டது. வால்வுக்குத் தெரிந்ததெல்லாம் "பின்னால் ஒன்றும் இல்லை" என்பதுதான். போதாததற்குப் புதுப் பட்டை இறுக்கமானது. 700 கிலோ ஏற்றினாலும் முன்பு இறங்கிய அளவுக்கு இறங்காது. பாரம் முழுக்க இருக்க, வால்வு வண்டி வெறுமை என்றே நினைத்துக்கொண்டிருக்கும். பின் பிரேக் பாதி வேலைகூடச் செய்யாது. முழுச் சுமையும் முன் டிஸ்க்கில்.

கொழும்பில் ஓடும் வண்டிக்கு இது தெரியாமலே போகலாம். மலையகத்தில் ஓட்டும் நமக்கு அப்படியில்லை. நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து றம்பொடை, புசல்லாவை வழியாகக் கம்பளை வரை இறக்கம்தான்.

2013 ஓகஸ்டில் கந்தப்பளையில் லீக்ஸும் உருளைக்கிழங்குமாக 700 கிலோவுக்கு மேல் ஏற்றிக்கொண்டு அந்த ரோட்டில் இறங்கினேன். என் மச்சான் பக்கத்தில். புதிதாக ஸ்பிரிங் போட்டு மூன்று வாரம். றம்பொடை வளைவுகளைத் தாண்டும்போதே கருகல் நாற்றம் வந்தது. முன்னால் போன பஸ்ஸின் நாற்றம் என்று நினைத்தேன். புசல்லாவைக்கு முன்னால் ஒரு வளைவில் பெடல் எதிர்ப்பே இல்லாமல் தரைக்குப் போய்விட்டது. இரண்டு தடவை பம்ப் அடித்தேன், கியரை இரண்டாவதுக்கு இழுத்தேன், பிடி கிடைக்கவில்லை. பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைப்பக்கக் கானுக்குள் விட்டேன். மண் மேட்டில் மோதி நின்றது. மச்சானின் மணிக்கட்டு உடைந்தது. ஸ்டியரிங் ரொட் வளைந்து, முன் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை முறிந்து, டிஸ்க் இரண்டும் கெட்டு, ஒன்றரை இலட்சத்துக்கு மேல் போனது.

கீழே இறங்கிச் சக்கரங்களைப் பார்த்தேன். முன் டிஸ்க் எண்ணெய் படிந்ததுபோல் நீலம் பாய்ந்திருந்தது. கிட்டப் போகவே முடியாத சூடு. பின் ட்ரம்மில் கை வைத்தேன். குளிர்ந்திருந்தது. அவ்வளவு தூரம் இறங்கி வந்த வண்டியின் பின் ட்ரம் குளிர்ந்து கிடக்கிறது, எனக்கு அதன் பொருள் புரியவில்லை! பேட் போலிச் சாமான் என்று முடிவுகட்டி, அடுத்த ஆறு மாதத்தில் இரண்டு முறை பேட் மாற்றினேன். சூடு குறையவேயில்லை. கடைசியில் நாவலப்பிட்டியில் பஸ் வேலை பார்க்கும் வயதான பாஸ் ஒருவர்தான் குனிந்து பார்த்துவிட்டு அந்தக் கம்பியைத் தட்டிக் காட்டினார்.

இன்றைக்கும் எரிச்சலாக இருப்பது இதுதான்: ஸ்பிரிங் போட்ட கராஜில் அன்றே நான் கேட்டேன், "இந்தக் கம்பி இழுபடுதே, பரவாயில்லையா?" என்று. "நீளம் போதும், ஒண்ணும் ஆகாது" என்றார்கள். பெயர் வேண்டாம். கேள்வி என் வாயிலேயே இருந்தது. பதிலைத் தேடாமல் விட்டேன்.

பிரேக் எண்ணெயிலும் பிழை இருந்தது. டொட் 3 எண்ணெய் புதிதாக இருக்கும்போது 205 பாகைக்கு மேல்தான் கொதிக்கும். ஈரம் உறிஞ்சிய பிறகு 140 பாகை வரை இறங்கிவிடும். நம் ஊர் மழையிலும் பனியிலும் ஈரம் உறிஞ்சாமல் இருக்குமா? என்னுடையது எத்தனை வருடத்து எண்ணெய் என்று எனக்கே தெரியாது. இப்போது டொட் 4 ஊற்றுகிறேன், இரண்டு வருடத்துக்கொரு முறை மாற்றுகிறேன்.

இந்தக் கம்பியில் ஆட்கள் மூன்று விதமாகத் தவறு செய்கிறார்கள். ஒன்று, என்னைப்போல் அப்படியே விடுவது. இரண்டாவது, வால்வையே கழற்றி எறிந்து குழாயை நேராக இணைப்பது. பாரம் ஏற்றினால் நன்றாகப் பிடிக்கும், வெறுமையாக வரும்போது மழை ரோட்டில் பின்பக்கம் முன்னால் வரும். மூன்றாவது, அந்தத் தம்பி செய்ததுபோல் மேலே இழுத்துக் கட்டுவது. அதுவும் வால்வை நிரந்தரமாகப் "பாரம் இருக்கிறது" என்று நம்பவைப்பதுதான். வளைவில் ஈரத்தில் அழுத்தினால் அதே சுழற்சி.

சரியான வேலை சின்னது. ஸ்பிரிங்கைத் தொடுவதற்கு முன்பே, வண்டி சமதரையில் நிற்கும்போது, கம்பி எக்ஸலில் பிடித்திருக்கும் இடத்துக்கும் அதற்கு நேர் மேலே சேஸிக்கும் உள்ள இடைவெளியை அளந்து எழுதி வையுங்கள். உயர்த்திய பிறகு மறுபடி அளங்கள். வித்தியாசம் எவ்வளவோ, அவ்வளவு உயரத்துக்குக் கனமான இரும்புப் பட்டையில் ஒரு பிடி செய்து, எக்ஸல் பக்க முனையை உயர்த்துங்கள். நாங்கள் அந்த ஞாயிற்றுக்கிழமையே செய்தோம்: 6 மில்லிமீட்டர் பட்டை, இரண்டு துளை, பூட்டு நட். வித்தியாசம் 52 மில்லிமீட்டர் வந்தது. பிறகு தோட்டத்து விளையாட்டு மைதானத்தில் தம்பி வெறும் வண்டியை 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிப் பிரேக்கை அழுத்தினான். முன் சக்கரம் முதலில் பூட்ட வேண்டும், பின் சக்கரம் அதற்குப் பிறகு. சரளையில் கோடு பார்த்தால் தெரியும். பிடி இறுக்கமான ஸ்பிரிங்குக்கு முழு ஈடு ஆகாது. ஆகவே பாரம் ஏற்றி ஒரு இறக்கம் இறங்கி, நான்கு சக்கரத்தின் சூட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கிட்டக் கை கொண்டுபோனாலே தெரிந்துவிடும். அளவுக் கருவி உள்ள கராஜ் கிடைத்தால் முன், பின் அழுத்தத்தை அளந்து சரிசெய்வது இன்னும் நல்லது.

அதே நேரத்தில் வண்டியைச் சேஸியில் தூக்கி எக்ஸலைத் தொங்கவிட்டுப் பாருங்கள். பிரேக் ரப்பர் குழாய் விறைத்து நின்றால் நீளமானதை மாற்ற வேண்டும். பள்ளத்தில் ஒரு சக்கரம் தொங்கும்போது அறுந்தால் அங்கேயே பிரேக் போச்சு.

டயரை மட்டும் பெரிதாக்குவது

சாதாரண 29 அங்குல டயரை எடுத்துவிட்டு 33 போட்டால் விட்டம் சுமார் 14 சதவீதம் கூடுகிறது. ஒவ்வொரு கியரும் அந்த அளவுக்கு நீண்டுவிட்டது என்று அர்த்தம். ஏற்றத்தில் இழுவை குறைவதைத்தான் எல்லோரும் பேசுவார்கள். இறக்கத்தில் எஞ்சின் பிடித்து நிறுத்துவதும் குறைகிறது, வண்டியை நிறுத்த பிரேக்குக்கும் கூடுதல் பலம் வேண்டும். மேலே சொன்ன கதையோடு இதையும் சேர்த்து நினையுங்கள். மீட்டர் 40 காட்டும்போது நீங்கள் 45க்கு மேல் போகிறீர்கள். டிஃப் விகிதத்தை (எக்ஸலுக்குள் இருக்கும் கடைசிக் கியரின் விகிதத்தை) மாற்றாமல் 33 வேண்டாம்.

நம் தோட்டப் பாதைகளுக்கு அகலமும் தேவையில்லை. ஒரு பக்கம் கான், மறுபக்கம் தேயிலை வரிசை. பழைய லேண்ட் ரோவர்களில் போட்ட 7.50-16 போன்ற ஒடுங்கிய டயர் மேல்சேற்றை வெட்டிக்கொண்டு கீழே கல்லைப் பிடிக்கும். அகல டயர் சேற்றுக்கு மேலேயே மிதந்து வழுக்கும். அந்த ஒடுங்கிய டயருக்கும் உயரம் சுமார் 31, 32 அங்குலம் வரும். கியர்க் கணக்கை மறக்காதீர்கள்.

ஷெகலை (ஸ்பிரிங்கைச் சேஸியோடு இணைக்கும் துண்டை) நீட்டி உயர்த்துவது

செய்யாதீர்கள். ஸ்டியரிங் கோணம் கெட்டு, வண்டி நேர் ரோட்டிலும் அலையும்.

ஸ்நோர்க்கல் இருந்தால் ஆற்றில் இறங்கலாம் என்று நம்புவது

ஸ்நோர்க்கலின் வாய் மேலே இருப்பதில் பயனில்லை, கீழே காற்று வடிகட்டி இருக்கும் பெட்டி ஓட்டையாக இருந்தால். பெட்டியின் அடியில் தண்ணீர் வடிய ஒரு சின்ன ரப்பர் வாய் இருக்கும். குழாய் சேருமிடத்தில் ஒரு பொருத்து இருக்கும். இரண்டும் அடைபட வேண்டும்.

எவ்வளவு தண்ணீர் போனால் எஞ்சின் கெடும்? பழைய ஹைலக்ஸின் 2.8 லீட்டர் டீசல் எஞ்சினைக் கணக்குப் பாருங்கள். ஒரு சிலிண்டர் சுமார் 695 சிசி. அமுக்க விகிதம் 22க்கு 1. பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிச்சமிருக்கும் இடம் 33 மில்லிலீட்டர்தான். இரண்டு மேசைக்கரண்டி. அதற்கு மேல் தண்ணீர் புகுந்தால், தண்ணீர் அமுங்காது. கனெக்டிங் ரொட்தான் வளையும்.

பரீட்சை செய்வது சுலபம். எஞ்சின் ஓடும்போது ஸ்நோர்க்கல் வாயைத் தடித்த ரப்பர் துண்டால் மூடுங்கள். இரண்டு மூன்று செக்கனில் எஞ்சின் நின்றுபோக வேண்டும். தொடர்ந்து ஓடினால் வேறெங்கோ காற்று இழுக்கிறது. அதே வழியால் தண்ணீரும் இழுக்கும். பக்கத்து வீட்டு ஹைலக்ஸ் தன்பாட்டில் ஓடிக்கொண்டேயிருந்தது. அந்த நிலையில் மீமுரே பக்கம் ஓடைக்குள் இறக்கத் திட்டமிட்டிருந்தார்கள்.

தண்ணீருக்குள் எஞ்சின் நின்றுவிட்டால் சாவியைத் தொடாதீர்கள். வெளியே இழுத்து, க்ளோ பிளக்குகளை (சிலிண்டரைச் சூடாக்கும் முனைகளை) கழற்றிவிட்டு, தண்ணீர் வெளியேறும்படி பிறகுதான் சுழற்ற வேண்டும்.

எக்ஸலின் மூச்சுக்குழாய்

ஓடிச் சூடான எக்ஸல் குளிர்ந்த ஓடையில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கித் தண்ணீரை உறிஞ்சும். அடுத்த தடவை திறந்தால் எண்ணெய் பால் தேத்தண்ணி நிறத்தில் வரும். இரண்டு எக்ஸலின் மூச்சு முனையிலும் ரப்பர் குழாய் மாட்டிப் பொனட்டுக்குள் உயரமாகக் கட்டுங்கள். ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய் வேலை.

டீசல் பம்ப் ஸ்க்ரூவைத் திருகுவது

பவர் கூடும் என்று பம்பின் பின்னாலுள்ள ஸ்க்ரூவை ஒரு சுற்றுத் திருகச் சொல்லும் ஆள் ஊருக்கு ஒருவர் இருக்கிறார். நுவரெலியா உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 80 சதவீதம்தான். டர்போ இல்லாத எஞ்சினுக்கு அங்கே ஏற்கெனவே காற்றுப் போதாது. டீசலைக் கூட்டினால் கறுப்புப் புகைதான் கூடும். வருமான அனுமதிப்பத்திரத்துக்கு முன் புகைப் பரிசோதனைக்குப் போகும்போது மறுபடி பழைய இடத்துக்குத் திருகத்தான் வேண்டும், அந்த இடத்தைக் குறித்து வைத்தவரை நான் பார்த்ததில்லை.

லைட்

ரிலேயும் ஃபியூஸும் இல்லாமல் வயர் இழுக்காதீர்கள்.

இழுக்கும் கொக்கி

பம்பரில் போட்ட அழகுக் கொக்கியில் கயிறு மாட்டி இழுக்கவே கூடாது. கொக்கி பிய்ந்தால் குண்டுபோல் வரும். சேஸியில், இரண்டு பக்கமும், உயர்தர போல்ட்டால் பூட்டிய பிடியில் மட்டும் மாட்டுங்கள். சேஸியில் குறுக்காக வெல்டிங் வைக்காதீர்கள், அந்தக் கோட்டிலேயே வெடிக்கும். அந்தத் தம்பியின் வண்டியில் பிடி வெல்டிங்கில்தான் நின்றது. அடுத்த சனிக்கிழமை அதை வெட்டி எடுக்கிறோம்.