சிசிஎன்ஏ: ஒரே பரீட்சையா, இரண்டா?

2018இல் ஹட்டனில் இருந்து சிஸ்கோ நிறுவனம் கொடுக்கும் சிசிஎன்ஏ என்ற கணினி வலையமைப்புச் சான்றிதழுக்குப் படித்தபோது என் தலைவலி பாடமல்ல, எதற்குக் காசு கட்டுவது என்பதுதான். 200-125 என்ற ஒரே பரீட்சைக்கு 325 டொலர். 100-105, 200-105 என்று இரண்டாக எழுதினால் ஒவ்வொன்றும் 165. வித்தியாசம் வெறும் 5 டொலர். ஆனால் கொழும்புக்கு இரண்டு தடவை ரயில் ஏற வேண்டும்.

"ஒரேயடியா எழுதி முடிங்க தம்பி" என்றார் வகுப்பெடுத்த சேர். தலையாட்டிவிட்டு வந்து, வீட்டில் கடிகாரத்தை வைத்து மாதிரி வினாத்தாள் ஒன்றைச் செய்து பார்த்தேன். ஒரு வலையமைப்பின் முகவரிகளைச் சிறு பகுதிகளாகப் பிரிக்கும் சப்நெட்டிங் கணக்கிலேயே பாதி நேரம் போய்விட்டது. சிஸ்கோ பரீட்சையில் தாண்டிய கேள்விக்குத் திரும்பிப் போகவும் முடியாது. தோற்றால் 325உம் போச்சு. அது அம்மாவின் சீட்டுக் காசு.

சரி, இரண்டாகவே எழுதுவோம் என்று முடிவெடுத்தேன். மூன்று மாதம் முதலாவதில் வரும் சப்நெட்டிங், விலேன் (ஒரே சுவிட்சைத் தனித்தனி வலையமைப்புகளாகப் பிரிப்பது), ஏசிஎல் (எந்தத் தரவை விடுவது, எதைத் தடுப்பது என்ற பட்டியல்) மட்டும். கரண்ட் இருந்த இரவுகளில், வலையமைப்பைக் கணினியிலேயே கட்டிப் பழகும் பாக்கெட் ட்ரேசர் மென்பொருள். /26 அளவுள்ள ஒரு பகுதி என்றால் கருவிகளுக்குக் கொடுக்கக்கூடியது 62 முகவரி என்பது யோசிக்காமலே வரும்வரை பழைய கொப்பியில் கிறுக்கினேன். முதலாவதில் தேறியதும் சிசிஇஎன்டி என்ற சின்னச் சான்றிதழ் கிடைத்தது. அதைக் காட்டித்தான் நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் வேலைக்குச் சேர்ந்தேன். ஓஎஸ்பிஎஃப் (தரவுக்கு வழி கண்டுபிடிக்கும் முறை), ஸ்பேனிங் ட்ரீ (சுவிட்சுகளுக்கிடையே தரவு சுற்றிச் சுற்றி வராமல் தடுக்கும் முறை) எல்லாம் வரும் இரண்டாவதற்கு என் சம்பளத்திலேயே கட்டினேன்.

2020 பெப்ரவரி 24 முதல் இந்தக் குழப்பமே இல்லை, 200-301 ஒன்றுதான். தங்கச்சி இப்போது அதற்குப் படிக்கிறாள். என் கொப்பியைக் கேட்டாள். ஈஐஜிஆர்பி என்ற இன்னொரு வழி கண்டுபிடிக்கும் முறை புதிய பரீட்சையில் இல்லை என்பதால், அந்தப் பக்கங்களை மட்டும் தாண்டிவிடச் சொன்னேன்.