போனில் "சார்" என்று கேட்டுச் சலித்தவர்களுக்கு: குரல் பயிற்சியின் முதல் படிகள்

நான் ஒரு திருநங்கை. கோத்தகிரியில் ஒரு பேக்கரியில் வர்க்கி ஆர்டர் எடுப்பது என் வேலை. கடைக்கு வருகிறவர்கள் "அக்கா, ரெண்டு கிலோ போடுங்க" என்பார்கள். அதே ஆட்கள் போனில் கூப்பிட்டு, நான் "வணக்கங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் "சார், ரெண்டு கிலோ வேணும்" என்பார்கள். நேரில் புடவையும் பொட்டும் துணைக்கு நிற்கின்றன. போனில் குரல் தனியாகப் போய் மாட்டிக்கொள்கிறது.

எங்கள் ஜமாத், அதாவது திருநங்கைகள் குடும்பம்போல் கூடி வாழும் அமைப்பு, அதன் மூத்தவரான அம்மாவிடம் "குரல் சிகிச்சைக்குப் போகப்போகிறேன்" என்றேன், சிரித்தார். "உன் குரலுக்கு என்னடி குறை? கேக்கறவன் காதுலதான் குறை." அதுவும் நியாயம்தான். குரலைத் தொடாமல் நிம்மதியாக வாழும் திருநங்கைகள் நிறையப் பேர். மாற்றிக்கொள்ள விரும்பி, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: எது மாற வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

குரல்வளைக்குள் இருக்கும் இரண்டு குரல்நாண்கள் ஒன்றோடொன்று மோதி அதிர்வதுதான் குரல். ஒரு நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறதோ அத்தனை ஹெர்ட்ஸ். பேசும்போது ஆண்களுக்குச் சராசரியாக 120 ஹெர்ட்ஸை ஒட்டியும், பெண்களுக்கு 200-ஐ ஒட்டியும் இருக்கும். 145 முதல் 175 வரை இரண்டு பக்கமும் கலக்கும் இடம். பாட்டுக் கற்றவர்களுக்கு இப்படிச் சொன்னால் எளிது: ஆண்கள் பாடும் ஒரு கட்டை சுருதி ஏறக்குறைய 131 ஹெர்ட்ஸ், பெண்கள் பாடும் ஐந்து கட்டை 196. நாம் முதலில் எட்ட முயல்வது மூன்று, நான்கு கட்டைப் பக்கம்.

ஆனால் சுருதியை ஏற்றினால் மட்டும் வேலை முடியாது. நான் அங்கேதான் ஏமாந்தேன். வீடியோக்களைப் பார்த்து ஆறு மாதம் கள்ளக்குரலில் கீச்சென்று பேசினேன். சுருதி 220-க்குப் போனது. போனில் "சார்" மட்டும் போகவில்லை, அதோடு தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

காரணம், குரல் எந்த அறைக்குள் எதிரொலிக்கிறது என்பது. குழாயடியில் குடம் நிரம்பும் சத்தத்தைக் கேட்டிருப்பீர்கள். காலிக் குடத்தில் கனமாகத் தொடங்கும் ஒலி, தண்ணீர் ஏற ஏற மெலிந்துகொண்டே போகும். விழும் தண்ணீர் அதேதான், உள்ளே இருக்கும் காற்றறை சின்னதாகிறது. குரல்நாணிலிருந்து உதடு வரை உள்ள பாதை ஆண்களுக்கு ஏறக்குறைய 17 சென்டிமீட்டர், பெண்களுக்கு 14. நாக்கை முன்னால் கொண்டுவந்து, உதட்டைச் சற்று விரித்து, குரல்வளையை இலேசாக உயர விட்டால் அறை சுருங்கும். இதைத் தெரபிஸ்டுகள் ரெசொனன்ஸ் என்பார்கள். என் அனுபவத்தில் பாதி வெற்றி இதில்தான் இருக்கிறது.

ஹார்மோன் எடுத்தால் குரல் தானாக மாறிவிடும் என்று நம்பிக் காத்திருக்கும் திருநங்கைகளும் உண்டு. பருவ வயதில் தடித்து நீண்ட குரல்நாணை ஈஸ்ட்ரோஜன் பழையபடி ஆக்காது. ஆணாக வாழும் திருநம்பிகளுக்கு விஷயம் வேறு, கடைசியில் சொல்கிறேன்.

படி 2: தொண்டையை ஒருமுறை காட்டுங்கள்

பயிற்சி தொடங்கும் முன் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள். வாய் வழியாகவோ மூக்கு வழியாகவோ மெல்லிய கேமரா குழாயை விட்டுக் குரல்நாணைப் பார்ப்பார்கள். சில நிமிட வேலை. கொஞ்சம் குமட்டும், வலிக்காது. குரல்நாணில் முடிச்சு இருக்கிறதா, இரவில் வயிற்று அமிலம் மேலேறித் தொண்டையைப் புண்ணாக்குகிறதா என்பதெல்லாம் இதில் தெரியும். என் கள்ளக்குரல் சாதனைக்குப் பரிசாகக் குரல்நாண் வீங்கியிருந்தது. மூன்று வாரத்துக்கு மேல் தொண்டை கட்டியிருந்தால் இந்தப் படியைத் தள்ளிப் போடவே கூடாது.

நீலகிரியில் இருப்பவர்கள் ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தொடங்கலாம். கொடைக்கானல் பக்கம் இருந்தால் வத்தலக்குண்டு இறங்கித் திண்டுக்கல், தேனி, மதுரை என மூன்று ஊர்களிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் உண்டு.

ஒரு சின்ன எச்சரிக்கை. நான் போன ஓர் இடத்தில் சீட்டில் இருந்த பழைய பெயரைக் கூடம் அதிரக் கூப்பிட்டார்கள். இப்போதெல்லாம் நான் கூப்பிட வேண்டிய பெயரை ஒரு துண்டுத்தாளில் எழுதி, சீட்டோடு பின் குத்திக் கொடுத்துவிடுகிறேன். நான்கில் மூன்று முறை வேலை செய்கிறது.

படி 3: சரியான ஆளைப் பிடியுங்கள்

குரல் பயிற்சி கொடுப்பவர் ஸ்பீச் தெரபிஸ்ட். பி.ஏ.எஸ்.எல்.பி. என்ற பேச்சு, செவித்திறன் பட்டம் படித்திருப்பார். பயிற்சிக் காலம் சேர்த்து நான்கு ஆண்டுப் படிப்பு அது. மேற்படிப்பும் உண்டு. இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு எண் இருக்க வேண்டும். கேளுங்கள், தயங்காமல் சொல்வார்கள், கவுன்சில் இணையதளத்திலும் சரிபார்க்கலாம். பாட்டு டீச்சர் மூச்சும் சுருதியும் சொல்லித் தரலாம், ஆனால் வீங்கிய குரல்நாணை அவரால் கண்டுபிடிக்க முடியாது.

மலையில் இருக்கும் தெரபிஸ்டுகள் பெரும்பாலும் பேச்சு தாமதமான குழந்தைகளையும் காது கேளாத குழந்தைகளையும் பார்ப்பவர்கள். அதனால் போனிலேயே இரண்டு கேள்வி கேளுங்கள்: பெரியவர்களின் குரல் பிரச்சினைகளைப் பார்க்கிறீர்களா? திருநருக்குப் பயிற்சி கொடுத்ததுண்டா? இரண்டாவதற்கு "இல்லை" என்று வந்தால் உடனே போனை வைத்துவிட வேண்டாம். "இல்லை, ஆனால் படித்துவிட்டுச் சொல்கிறேன்" என்பவர் நல்ல தெரபிஸ்ட். திருநர் மருத்துவத்துக்கான உலக வழிகாட்டி நெறிகளின் எட்டாம் பதிப்பில், 2022-ல் வந்தது, குரலுக்கென்றே தனி அத்தியாயம் இருக்கிறது. அதைச் சொல்லிப் பாருங்கள். "உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று கேட்பவரிடம் பஸ் செலவை வீணாக்காதீர்கள்.

கோத்தகிரிக்காரர்களுக்குக் கோயம்புத்தூர்தான் பக்கம். மேட்டுப்பாளையம் இறங்கிப் போனால் 70 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். கூடலூர்க்காரர்களுக்கு மைசூரு நல்லது. அங்கே 1960-களில் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் இருக்கிறது, மத்திய அரசுடையது, இந்தத் துறைக்கே தாய்வீடு மாதிரி. ஒன்று மட்டும்: பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். மாலை நேர அப்பாயின்ட்மென்ட் வாங்கினால் அங்கேயே தங்கத் துணி எடுத்துக்கொண்டு போங்கள்.

முதல் ஓரிரு முறை நேரில் பார்த்துவிட்டு மற்றதை வீடியோவில் செய்யலாம். மேகம் இறங்கினால் சிக்னல் என்ன பாடுபடும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வீடியோ அழைப்பில் ஒலியும் நசுங்கிப் போகும். அதனால் பயிற்சியைப் போனில் பதிவு செய்து கோப்பாக அனுப்பிவிடுங்கள், தெரபிஸ்ட் ஒழுங்காகக் கேட்பார்.

முதல் நாளில் உங்கள் குரலைப் பதிவு செய்வார்கள். ஒரே மூச்சில் "ஆ" எவ்வளவு நேரம் பிடிக்கிறீர்கள் என்று பார்ப்பார்கள், ஒரு பத்தியை வாசிக்கச் சொல்வார்கள். எங்கே, யாரிடம் பேசும்போது குரல் உறுத்துகிறது என்று கேட்பார்கள். நான் "போன்" என்று ஒரே வார்த்தையில் சொன்னேன். முழுத் திட்டமும் அதைச் சுற்றித்தான் அமைந்தது.

படி 4: பயிற்சி

ஒரு நாளைக்கு இரண்டு வேளை, வேளைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக இரண்டு மணி நேரம் செய்கிறேன் என்றால் திங்கட்கிழமை பேச்சு வராது.

முதலில் ஸ்ட்ரா. பாதி டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவின் நுனி இரண்டு சென்டிமீட்டர் முங்க வேண்டும். குமிழி வரும்படி "ஊ" என்று மெதுவாக ஊதிக்கொண்டே குரல் கொடுங்கள். வாயில் தேங்கும் காற்று திரும்ப அழுத்துவதால் குரல்நாண்கள் பலமாக மோதிக்கொள்ளாமல் அதிரும். இரண்டு மூன்று நிமிடம். பிளாஸ்டிக் ஸ்ட்ராவோடு நம் மாவட்டத்தில் மாட்டினால் அபராதம். காகித ஸ்ட்ரா இரண்டு நிமிடத்தில் ஊறிப்போகும். ஸ்டீல் ஸ்ட்ரா ஒன்று வாங்கிவிடுங்கள்.

அடுத்து, வாயை மூடி "ம்ம்ம்". யாராவது கதை சொல்லும்போது நாம் போடும் "ம்ம்" இருக்கிறதல்லவா, அதே இலகுவில். நெஞ்சில் கை வைத்துப் பாருங்கள், அங்கே அதிர்ந்தால் இன்னும் கீழே இருக்கிறீர்கள். உதடும் மூக்கும் குறுகுறுக்க வேண்டும். குறுகுறுப்பு வந்ததும் அதை விடாமல் "ம்ம்மீ", "ம்ம்மே", கடைசியில் "ம்ம்மா" என்று திறங்கள். "மா"வில் குறுகுறுப்பு ஓடிப்போய்விடும். பொறுமை.

மூன்றாவது, சொற்கள். "ஈ" சொல்லும்போது நாக்கு முன்னால் வருகிறது, உதடு விரிகிறது. "ஊ"வில் உதடு குவிந்து அறை நீள்கிறது. நம் அதிர்ஷ்டம், மாவட்டத்தின் பெயரே நல்ல பயிற்சிச் சொல்: நீலகிரி. அதோடு இஞ்சி, கிளி, மீன், சீனி. இவற்றில் குரல் முன்னால் வந்து உட்கார்ந்த பிறகு "ஊட்டி", "குன்னூர்", "கூடலூர்" என்று கஷ்டமான ஊர்களுக்குப் போங்கள். "நீலகிரி கூடலூர்" என்று சேர்த்துச் சொல்லி, இரண்டாம் சொல்லில் குரல் நெஞ்சுக்குள் விழாமல் பார்த்துக்கொள்வதற்கு எனக்கு ஒன்றரை மாதம் ஆனது.

நான்காவது, வாக்கியத்தின் முடிவு. நான் எந்த வாக்கியத்தைச் சொன்னாலும் கடைசி அசையைக் கரகரவென்று கீழே போட்டுவிடுவேன் என்று தெரபிஸ்ட்தான் கண்டுபிடித்தார். நம் பக்கத்துப் பேச்சில் வாக்கியத்துக்கு வாக்கியம் "ங்க" இருக்கிறதே, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். "இல்லைங்க", "சொல்லுங்க", "வந்துருச்சுங்க". அந்த "ங்க"வை அந்தரத்தில் விடுங்கள், தரையில் போடாதீர்கள். "டீ குடிச்சீங்களா?" என்பதை அக்கறையாக, சந்தேகமாக, கிண்டலாக, கோபமாக என்று நான்கு விதமாகச் சொல்லிப் பாருங்கள். பெண் என்றால் கொஞ்சிக் கொஞ்சித்தான் பேச வேண்டும் என்று யாராவது சொல்லித் தந்தால் நம்பாதீர்கள். எங்கள் தெருவில் காய் விற்கும் அக்கா கொஞ்சுவதில்லை, அவரை யாரும் சார் என்பதுமில்லை.

சொல் வந்த பிறகு தொடர், பிறகு வாசிப்பு, பிறகு தோழியிடம் பேச்சு, எல்லாம் முடிந்து போன். இந்த வரிசையைத் தாண்டிக் குதித்தால் பதற்றத்தில் பழைய குரல் வந்துவிடும். சிரிப்பும் இருமலும் கடைசியில்தான் வழிக்கு வரும். எந்தக் கட்டத்திலும் வலி, எரிச்சல், இறுக்கம் தெரிந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

படி 5: இடமும் குளிரும்

லைன் வீட்டில் இருப்பவர்களுக்குப் பெரிய பிரச்சினை சுவர். அந்த வீட்டில் தாளிப்பது இந்த வீட்டில் மணக்கும், குரல் கேட்காதா? ஸ்ட்ராவும் "ம்ம்"மும் வெளியே கேட்காது, அவற்றை வீட்டில் முடியுங்கள். குக்கர் விசில், குழாய்ச் சத்தத்துக்கு நடுவே பேசிப் பழகாதீர்கள், சத்தம் இருந்தால் நம்மை அறியாமல் கத்துவோம். தேயிலைக்குள் போய்ப் பேசலாம் என்று நானும் கிளம்பினேன். அந்தி நேரத்தில் கரடியும் காட்டெருமையும் அதே பாதையில் வருவதால் திட்டத்தைக் கைவிட்டேன். இப்போது கடை திறப்பதற்கு முந்தைய அரை மணி நேரம், மாவு மூட்டைகளுக்கு நடுவே. மூட்டைகள் சத்தத்தை நன்றாக விழுங்குகின்றன.

மார்கழி, தையில் உறைபனிக் காற்று வறண்டிருக்கும். வெளியே போனால் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ளுங்கள். டீயைக் குறைத்து வெந்நீரைக் கூட்டுங்கள். விறகுப் புகையிலிருந்து தள்ளி உட்காருங்கள். தொண்டையை "க்ஹும்" என்று செருமாமல் ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள். ஆவி பிடிப்பது நல்லது, வெறும் தண்ணீரில். தைலம் போட்டால் தொண்டை உறுத்தும், வறளும். நீலகிரிக்காரி தைலத்தைப் பழிப்பதா என்று கேட்காதீர்கள், தெரபிஸ்ட் சொன்னது.

திருநம்பிகளுக்கு

டெஸ்டோஸ்டிரோன் குரல்நாணைத் தடிக்க வைப்பதால் குரல் தானாக இறங்கும். பெரும்பாலும் முதல் சில மாதங்களில் தொடங்கும், முழுதாக இறங்க ஓரிரு ஆண்டுகள் ஆகலாம். இடையில் உடையும், திடீரென்று கீச்சிடும். அப்போது வலிந்து கட்டைக் குரலில் பேசுவதுதான் தவறு. இறங்கிய பிறகும் குரலில் பலம் இல்லை, சீக்கிரம் களைக்கிறது என்றால் தெரபிஸ்டிடம் போங்கள். மார்பை இறுக்கிக் கட்டியிருந்தால் மூச்சுப் பயிற்சிக்கு முன் தளர்த்திவிடுங்கள்.

அறுவை சிகிச்சை

திருநங்கைகளுக்குக் குரல்நாண்களின் முன்பகுதியைச் சேர்த்துத் தைத்து, அதிரும் நீளத்தைக் குறைக்கும் முறை உண்டு. சுருதி ஏறும், ஆனால் எதிரொலிக்கும் அறை அப்படியே இருக்கும். உரக்கப் பேசும் திறன் குறையவும் கூடும். முடித்த பிறகு சில நாள் பேசவே கூடாது, பிறகு அதே தெரபிஸ்ட், அதே ஸ்ட்ரா. அதனால் முதலில் பயிற்சியை முடித்துப் பார்த்துவிட்டு இதை யோசியுங்கள்.

இன்றைக்கே செய்யக்கூடிய ஒன்று: போனை எடுத்து, எந்த முயற்சியும் இல்லாமல், உங்கள் பெயர், ஊர், காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்கள். கோப்புக்குத் தேதியைப் பெயராக வையுங்கள். கேட்காதீர்கள், அழிக்கவும் செய்யாதீர்கள். தெரபிஸ்டிடம் போகும் நாளில் அதையும், டாக்டர் கொடுத்த தொண்டைப் பரிசோதனைச் சீட்டையும், ஒரு பாட்டில் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு போங்கள்.