மொட்டை மாடி மழையைக் கிணற்றில் சேர்ப்பது எப்படி

சென்னை மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டு உறைக்கிணறு இருபத்தைந்து அடி ஆழம். என் மாமியார் நாற்பது வருடம் நீர் இறைத்த கிணறு. 2019 ஜூனில் எட்டிப் பார்த்தால் அடிச்சேறு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. சென்னைக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கம், பூண்டி ஏரிகள் வறண்டு, அடுத்த மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்தது.

எங்கள் வீட்டில் மழைநீர் சேகரிப்பு இல்லாமல் இல்லை. 2003இல் அரசு கட்டாயமாக்கியபோது வாசலில் குழி தோண்டி ஜல்லி கொட்டி மூடினோம். அதன்பிறகு யாருமே அதைத் திறக்கவில்லை. பதினாறு வருடம் கழித்து மூடியைத் தூக்கினால், குழி நிறைய மண். மாடித் தண்ணீர் அத்தனையும் தெருவுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.

எவ்வளவு போனது என்று கணக்குப் போட்டேன். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். எங்கள் மாடி 600 சதுர அடி, அதாவது சுமார் 56 சதுர மீட்டர். சென்னையில் வருடத்துக்கு ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் மழை. ஆவியாவது, சிந்துவது என்று ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் அறுபதாயிரம் லிட்டருக்கு மேல். 12,000 லிட்டர் லாரி ஐந்து. அந்தக் கோடையில் லாரிக்காக ராத்திரி பதினொரு மணிவரை கண்விழித்த எனக்கு அந்த எண் நெஞ்சில் தைத்தது.

சரி, வேலைக்கு வருவோம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், புரட்டாசியிலேயே தொடங்கிவிடுங்கள். மாடியைப் பெருக்கிக் கழுவி, தண்ணீர் இறங்கும் வாய் ஒவ்வொன்றிலும் ஓட்டைகள் உள்ள ஜாலி மூடி போடுங்கள். இலையும் காக்கை இறகும் அங்கேயே நின்றுவிடும். இறங்குகுழாய்களை நாலு அங்குல பிவிசி குழாயில் ஒன்றாக இணைத்துக் கிணற்றுப் பக்கம் கொண்டுவர வேண்டும். வடிகட்டிக்கு முன்னால் ஒரு டீ (T வடிவ) இணைப்பு வைத்து, அதன் கீழ்வாயில் திருகு மூடி போடச் சொல்லுங்கள். வெயில் காலத்துக்குப் பின் வரும் முதல் மழையில் தூசியும் பறவை எச்சமும் கலந்திருக்கும். மூடியைத் திறந்து அதை வெளியே விட்டுவிட்டு, தெளிந்த நீர் வந்ததும் மூடுங்கள்.

வடிகட்டி என்பது 200 லிட்டர் நீல டிரம்தான். அடியில் கைமுட்டி பருமனுள்ள கூழாங்கற்கள், அதன்மேல் முக்கால் அங்குல ஜல்லி, அப்புறம் நைலான் வலை, வலைக்கு மேல் கழுவிய பருமணல் ஒரு அடி. தண்ணீர் மேலே விழுந்து, அடியில் உள்ள குழாய் வழியாகக் கிணற்றுக்குப் போகும். எங்கள் கொத்தனார் முதல் வருடம் மணலுக்கும் மேலே அடுப்புக்கரியைக் கொட்டிவிட்டார். ஐப்பசியின் முதல் கனமழையில் கரி மிதந்து, டிரம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வெளியேற வைத்த வழிகுழாயின் வாயை அடைத்து, கறுப்புத் தண்ணீர் சமையலறைச் சுவரோரம் ஓடியது. குடைபிடித்தபடி கையால் அள்ளி எடுத்தேன். கரி போட ஆசைப்பட்டால் இரண்டு வலைகளுக்கு நடுவில், மணலுக்குக் கீழே போடுங்கள். நான் இப்போது போடுவதே இல்லை.

வழிகுழாயை மட்டும் விட்டுவிடாதீர்கள். அடைமழையில் டிரம் தாங்காது. எங்கள் வழிகுழாய் அந்தப் பழைய வாசல் குழிக்குப் போகிறது. மண்ணை வாரிப் புது ஜல்லி போட்டோம்.

கிணற்றுக்குள் இறங்கும் குழாயின் நுனி நடுவில் தண்ணீரை விடும்படி இருக்கட்டும். பக்கவாட்டில் அடித்தால் உறைக்குப் பின்னால் மண் கரையும். கிணற்று வாயைக் கொசுவலையால் இறுகக் கட்டுங்கள். தரையில் ஓடும் தண்ணீரை எக்காரணம் கொண்டும் கிணற்றில் விடாதீர்கள், சாக்கடை கலந்திருக்கும்.

கிணறு இல்லாத வீட்டில் மண் வாரிய வாசல் குழி போதும்.

எங்களுக்குக் குழாய், டிரம், கூலி எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரம் ஆனது. தை பிறந்ததும் மணலை அள்ளித் தளத்தில் பரப்பி, கழுவிக் காயவைத்துத் திரும்பப் போடுவது என் வேலை. அரை நாள் பிடிக்கும். கிணற்றுக் கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சு போட்டிருக்கிறேன். சனிக்கிழமை காலையில் இறக்கி, எத்தனை முடிச்சு நனைந்தது என்று நாட்காட்டித் தாளில் எழுதி வைக்கிறேன். போன மார்கழியில் பதினொன்று.