ஈரம் காய்வதற்குள் லோஷன்: முதன்முதலாகத் தடவுகிறவர்களுக்கு

மார்கழி பிறந்துவிட்டால் காலில் நகம் பட்டாலே வெள்ளைக் கோடு விழும். ஏசி ஆபீஸில் உட்காரும் எனக்கு வருஷம் முழுக்க மார்கழிதான். ஆபீஸ் போய்ச் சேர்ந்ததும் லோஷன் தடவுவேன், 11 மணிக்கெல்லாம் தோல் மறுபடி இழுக்க ஆரம்பிக்கும். விலை கூடிய பாட்டில் வாங்கிப் பார்த்தும் அதே கதை. கடைசியில் அதே பழைய லோஷனைக் குளித்த கையோடு தடவிப் பார்த்தேன், சாயங்காலம் வரை தாங்கியது.

காரணம் எளிது. தோலில் இருக்கிற ஈரம் ஆவியாகிப் போகாமல் மூடி போடுவதுதான் லோஷனின் முக்கிய வேலை. காய்ந்துபோன தோலில் தடவினால் மூடி வைக்க உள்ளே பெரிதாக ஒன்றும் இருக்காது.

சரி, முதலில் வாங்குவது. முன்பக்கத்துப் பூப்படத்தை விட்டுவிட்டு பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். எது அதிகமோ அது முதலில் வரும், அதனால் பெரும்பாலும் தண்ணீர்தான் தொடக்கம். கிளிசரின், யூரியா இரண்டும் ஈரத்தை இழுத்துப் பிடிப்பவை. பெட்ரோலாட்டம், மினரல் ஆயில், டைமெதிகோன் மூடி போடுபவை. செராமைடு நம் தோலிலேயே இருக்கும் கொழுப்பு வகை. இரண்டு வேலைக்கும் ஆள் இருக்கிற பாட்டிலாக எடுங்கள். சட்டென்று அரிக்கும் தோல் என்றால் வாசனை சேர்க்காதது நல்லது. 'வெள்ளையாக்கும்' என்று எழுதியிருந்தால் நான் அலமாரியிலேயே திருப்பி வைத்துவிடுவேன். வியர்க்கிற ஊருக்கு லோஷன் போதும், ரொம்ப வறண்ட தோலுக்கு அதைவிடக் கெட்டியான க்ரீம்.

புதிதாக வாங்கியதை உடனே உடம்பெல்லாம் பூசாதீர்கள். முழங்கை மடிப்பின் உள்பக்கம் தினம் இரண்டு வேளை ஒரே இடத்தில் ஒரு வாரம் தடவுங்கள். அரிப்போ சிவப்போ வந்தால் கழுவிவிட்டு அதோடு நிறுத்திவிடுங்கள்.

அடுத்து குளியல். கொதிக்கக் கொதிக்க ஊற்றிக் குளிப்பது சுகம்தான், ஆனால் தோலின் எண்ணெயையும் அது கொண்டுபோய்விடும். வெதுவெதுப்பான தண்ணீர், 5 முதல் 10 நிமிடம், அவ்வளவுதான். சோப்பு காரத்தன்மை உள்ளது, தோலோ லேசான அமிலத்தன்மை கொண்டது, அதனால் அக்குள், தொடையிடுக்கு, பாதம் தவிர மற்ற இடங்களில் தினமும் நுரைக்கத் தேய்க்க வேண்டியதில்லை.

இனிதான் முக்கியமான கட்டம். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள், தொட்டால் இன்னும் ஈரம் தெரிய வேண்டும், அப்படியே குளியலறையிலேயே நின்றபடி 3 நிமிடத்துக்குள் தடவிவிடுங்கள். பாட்டிலைப் படுக்கையறையில் வைத்தால் துணி தேடி, போன் பார்த்து, அதற்குள் எல்லாம் காய்ந்துவிடும். நாலைந்து புளியங்கொட்டை அளவு எடுத்து முழங்காலிலிருந்து கீழ்நோக்கி, அதாவது முடி வளர்கிற திசையில் தடவுங்கள். எதிர்த்திசையில் அழுத்தித் தேய்த்தால் மயிர்க்கால்களில் சிறு கொப்புளம் வரலாம். முழங்கையையும் கணுக்காலையும் மறந்துவிடாதீர்கள், கால் விரல் இடுக்கில் மட்டும் வேண்டாம், அங்கே ஈரம் தங்கினால் சேற்றுப்புண்ணுக்கு வசதி. முகத்துக்கு வேறு வைத்துக்கொள்ளுங்கள், பருவுள்ள முகத்தில் உடம்பு லோஷன் சில சமயம் வேலையைக் காட்டிவிடும்.

'தேங்காய் எண்ணெய் இருக்க எதற்கு இந்தச் செலவு' என்று என் அம்மா கேட்டார். தடவலாம், அதுவும் மூடி போடும், ஈரத்தோலில் தடவினால் நன்றாகவே. கிளிசரின்போல ஈரத்தை இழுக்காது, சட்டையில் கறை வேறு.

குதிகால் வெடிப்புக்கு லோஷன் பத்தாது. 10 சதவீத யூரியா க்ரீமை இரவில் தடவிப் பருத்திச் சாக்ஸ் போட்டுத் தூங்குங்கள். வெடிப்பில் ரத்தம் கசிந்தால் க்ரீம் வேண்டாம், டாக்டரிடம் காட்டுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் சின்ன வெடிப்பாக இருக்கும்போதே காட்டிவிட வேண்டும்.